நீளப் பாடியா, குட்டைப் பாடியா?



சொந்தமாக ஒரு சரக்கு வண்டி வாங்கிவிட வேண்டும் என்ற எண்ணம் இன்றைக்குக் கிராமங்களில் பலருக்கும் இருக்கிறது. காய்கறியை விடிவதற்குள் மார்க்கெட்டில் சேர்க்க வேண்டும். உர மூட்டை ஏற்றி வர வேண்டும். ஆடு, கன்று சந்தைக்குப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் வாடகை வண்டியை நம்பினால் கட்டுபடியாகவில்லை என்கிறீர்கள். நியாயம்தான்.

ஆனால் பிக்கப் வண்டி வாங்கப் போனால் அங்கே ஒரு கேள்வி காத்துக்கொண்டிருக்கும். பின்னால் சரக்கு ஏற்றுகிற பெட்டியை நாம் பாடி என்கிறோம் இல்லையா, அந்தப் பாடி நீளமாகவும் கிடைக்கிறது, குட்டையாகவும் கிடைக்கிறது. எதை எடுப்பது? "விலை கொஞ்சம்தானே கூட, நீளமானதையே எடு" என்பார் கூட வந்தவர். "நம்ம ஊர்ச் சந்துக்குள்ளே அது திரும்பாது, குட்டையே போதும்" என்பார் இன்னொருவர். மாதா மாதம் தவணை கட்டப் போவது அவர்கள் இரண்டு பேரும் அல்ல. நீங்கள்தான்.

இந்தக் கேள்வி நமக்குத்தான் புதிது. பிக்கப் வண்டி பிறந்த அமெரிக்காவில் விவசாயிகள் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அங்கே பாடி எப்படி நீண்டது, பிறகு ஏன் குறுகியது என்ற கதையைத் தெரிந்துகொண்டால், நமக்கு எது பொருந்தும் என்று முடிவு செய்வது சுலபமாகிவிடும். ஆகவே இன்றைக்கு அந்தக் கதையைப் பார்ப்போம்.

காரின் முதுகில் கட்டிய பெட்டி

1907-ஆம் ஆண்டிலேயே, உழவுக் கருவிகள் செய்து வந்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்ற கம்பெனி, குதிரை வண்டியைப் போல உயரமான சக்கரம் வைத்த ஒரு மோட்டார் வண்டியை விவசாயிகளுக்கென்று செய்தது. அன்றைய அமெரிக்கக் கிராமத்துப் பாதை மழைக்காலத்தில் வெறும் சேறுதான். உயரச் சக்கரம் இல்லாவிட்டால் வண்டி நகராது.

அடுத்த ஆண்டு, 1908-ல், ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் வந்தது. விலை மலிவு, ரிப்பேர் சுலபம் என்பதால் விவசாயிகள் அதை விரும்பி வாங்கினார்கள். வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. காரின் பின்பக்கத்தை அறுத்து, மரப்பலகையால் ஒரு பெட்டி அடித்துப் பொருத்திக்கொண்டார்கள். பால் கேன், தானிய மூட்டை, கோழிக் கூண்டு எல்லாம் அதில் போயின. பெட்டி எவ்வளவு நீளம் என்பதை அவரவர் சரக்கே முடிவு செய்தது.

இதைப் பார்த்த ஃபோர்டு கம்பெனி, 1925-ஆம் ஆண்டு ஏப்ரலில் தானே பெட்டி பொருத்தி ஒரு வண்டியை விற்க ஆரம்பித்தது. விலை 281 டாலர். அந்தப் பெட்டியின் நீளம் என்ன தெரியுமா? 56 அங்குலம். அதாவது 4 அடி 8 அங்குலம். அகலம் சுமார் 40 அங்குலம், உயரம் 13 அங்குலம். நம் வீட்டுக் கட்டிலை விடச் சிறியது! ஆனால் இரண்டு விஷயங்களை அதில் கவனிக்க வேண்டும். பின்கதவைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். பின்பக்கக் கமான் பட்டையும் காருக்கு இருந்ததைவிட வலுவானது. சரக்கு ஏற்றினால் பாரம் எங்கே போய் உட்காரும் என்பதை முதல் வண்டியிலேயே யோசித்திருக்கிறார்கள்.

எடை முதலில், நீளம் பிறகு

இரண்டாவது உலகப் போர் முடிந்ததும் புதிய வண்டிகள் வந்தன. 1947-ல் வந்த ஷெவர்லே வரிசையைப் பாருங்கள். அரை டன் வண்டிக்குப் பாடி 6½ அடி. முக்கால் டன் வண்டிக்கு 7¼ அடி. ஒரு டன் வண்டிக்கு 9 அடி. 1948-ல் வந்த ஃபோர்டு வரிசையிலும் இதே ஒழுங்குதான். அரை டன் வண்டிக்கு 6½ அடி, அடுத்த கனமான வண்டிகளுக்கு 8 அடி.

இதில் உள்ள முறையைக் கவனித்தீர்களா? அன்றைய விவசாயி கடைக்குப் போய் "எத்தனை அடி பாடி?" என்று கேட்கவில்லை. "எத்தனை எடை தாங்கும்?" என்றுதான் கேட்டார். எடையைச் சொன்னால் அதற்குத் தக்க சேஸிஸ், அதற்குத் தக்க அச்சு, அதற்குத் தக்க பட்டை, கடைசியில் அதற்குத் தக்க நீளம். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது போல எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்தி வந்தன.

1955-ல் இந்த ஒழுங்கு மாறியது. ஷெவர்லே கம்பெனி அரை டன் வண்டியிலேயே குட்டைப் பாடி ஒன்று, நீளப் பாடி ஒன்று என்று இரண்டு தினுசு கொண்டுவந்தது. விரைவிலேயே ஃபோர்டும் தன் அரை டன் வண்டியில் 6½ அடி, 8 அடி என இரண்டு நீளம் வைத்தது. நாம் பேசுகிற "நீளமா, குட்டையா" என்ற கேள்வி பிறந்தது இங்கேதான்.

என்ன நடந்தது என்பதைச் சற்று நிதானமாகப் பாருங்கள். பாடியின் நீளம் கூடியது. ஆனால் வண்டி அதே அரை டன் வகை வண்டிதான். அதாவது இடம் கூடியது, பலம் அந்த அளவுக்குக் கூடவில்லை. இன்றுவரை பாடி நீளத்தில் ஏமாறுகிறவர்கள் எல்லாரும் இந்த ஓர் இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

8 அடி ஏன் வந்தது?

நீளப் பாடி 8 அடியில் போய் நின்றதற்கும் காரணம் உண்டு. அமெரிக்காவில் வீடு, கொட்டகை, கோழிப் பண்ணை எல்லாம் பெரும்பாலும் மரத்தாலேயே கட்டுகிறார்கள். அங்கே பிளைவுட் பலகை 4 அடி அகலம், 8 அடி நீளம் என்ற அளவில் வருகிறது. அந்தப் பலகையைப் படுக்க வைத்துப் பின்கதவை மூட வேண்டுமானால் பாடி 8 அடி இருந்தாக வேண்டும்.

அகலத்துக்கும் இதே கணக்குதான். பழைய வண்டிகளில் மட்கார்டு வெளியே புடைத்துக்கொண்டிருக்கும். பாடி இரண்டு மட்கார்டுக்கும் நடுவே ஒடுக்கமாக உட்கார்ந்திருக்கும். 1957-ல் ஃபோர்டும் 1958-ல் ஷெவர்லேயும் பாடியின் பக்கச் சுவரை வெளியே தள்ளி, சக்கரத்தை உள்ளே மூடிவிட்டார்கள். பாடி அகலமாயிற்று. உள்ளே துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு சக்கர மூடிகளுக்கும் இடையே 4 அடிப் பலகை படுக்கிற மாதிரி இடம் விடுவது பெரிய பிக்கப் வண்டிகளில் வழக்கமாகிவிட்டது. ஆக, நீளத்தையும் அகலத்தையும் நிர்ணயித்தது ஏற்றப்போகும் பொருள். அலங்காரம் அல்ல.

கேபின் தனி, பாடி தனி

பிக்கப் வண்டியின் பக்கத்தில் நின்று பார்த்தால், டிரைவர் உட்காரும் கேபினுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு சந்து தெரியும். "இதை ஏன் ஒன்றாகவே செய்யவில்லை?" என்று நீங்கள் கேட்கலாம். செய்து பார்த்தார்கள்! 1961-ல் ஃபோர்டு கம்பெனி கேபினையும் பாடியையும் ஒரே கூடாக வார்த்து ஒரு வண்டியை விட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பாரம் அதிகமானபோது சேஸிஸ் வளைய, அதோடு சேர்ந்து கூடும் முறுக்கிக்கொண்டது. கதவைத் திறந்தால் மூட முடியவில்லை, மூடினால் திறக்க முடியவில்லை என்று புகார்கள் வந்தன. 1963-ஆம் ஆண்டு மாடலோடு அந்த வண்டிக்கு முழுக்குப் போட்டுவிட்டார்கள்.

பாரம் ஏறினால் சேஸிஸ் சிறிது வளைந்து கொடுக்கும். அப்படி வளைவதற்கு விட்ட இடம்தான் அந்தச் சந்து. நீளம் கூடக் கூட இந்த வளைவும் முக்கியமாகிறது. ஒரு முழம் கம்பை வளைப்பதற்கும் ஒரு பாக நீளக் கம்பை வளைப்பதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியாததா?

கேபின் தனி, பாடி தனி என்பதால் ஒரு வேடிக்கையும் நடந்தது. ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரியை உயர்த்தின. கோபம் கொண்ட அமெரிக்க அரசு, ஜனாதிபதி ஜான்சன் காலத்தில், 1963 டிசம்பரில் பதில் வரி போட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் சிறு சரக்கு வண்டிக்கு 25 சதவீதம்! கோழிக்கு வந்த சண்டை பிக்கப் வண்டியின் தலையில் விடிந்தது. ஆனால் பாடி இல்லாத வெறும் சேஸிஸும் கேபினுமாக வந்தால் வரி 4 சதவீதம்தான். உடனே என்ன செய்தார்கள்? ஜப்பானில் செய்த சிறு பிக்கப்களைப் பாடி இல்லாமல் கப்பலில் ஏற்றி, அமெரிக்காவில் இறக்கிய பிறகு பாடியை மாட்டி விற்றார்கள். 1972-லிருந்து ஃபோர்டு, ஷெவர்லே பெயரில் விற்ற ஜப்பானிய வண்டிகள் இப்படி வந்தவைதான். 1980-ல் அரசு இந்த ஓட்டையை அடைத்தது.

ஆள் ஏறியது, பாடி குறுகியது

சரி, 8 அடிக்கு நீண்ட பாடி பிறகு ஏன் குறுகியது? பொருளுக்குப் பதிலாக ஆட்கள் ஏற ஆரம்பித்ததால்தான்.

முதலில் பிக்கப் கேபினில் ஒரே ஒரு வரிசை இருக்கைதான். 1957-ல் இன்டர்நேஷனல் கம்பெனி இரண்டு வரிசை இருக்கை வைத்த பிக்கப்பைக் கொண்டுவந்தது. அது வேலையாட்களை ஏற்றிச் செல்வதற்கானது. 1973-ல் டாட்ஜ் கம்பெனியும் 1974-ல் ஃபோர்டும் கேபினைப் பின்பக்கம் கொஞ்சம் நீட்டி, சின்ன இருக்கை போட்டார்கள். பிக்கப் வண்டி வயலிலிருந்து வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடம், கடைவீதி, உறவினர் வீடு எல்லாவற்றுக்கும் அதிலேயே போனார்கள்.

2001-ஆம் ஆண்டு மாடலாக ஃபோர்டு நான்கு முழுக் கதவு வைத்த பெரிய கேபினோடு ஒரு வண்டியை விட்டது. அதில் பாடி வெறும் 5½ அடி. ஏன் அப்படி? பெரிய கேபினுக்குப் பின்னால் 8 அடிப் பாடியும் வைத்தால் வண்டி வீட்டு ஷெட்டுக்குள் போகாது, நகரத்தில் நிறுத்த இடம் கிடைக்காது. ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுத்தது பாடிதான். இதே மாதிரி குட்டைப் பாடிகள் மற்றக் கம்பெனிகளிலும் பரவின. 4 அடி 8 அங்குலத்தில் ஆரம்பித்து, 9 அடி வரை வளர்ந்து, மறுபடி 5½ அடிக்கு வந்து நின்றது கதை.

அப்படியானால் நீளப் பாடி ஒழிந்துவிட்டதா? இல்லை. வேலைக்கென்றே வண்டி வாங்குகிற அமெரிக்க விவசாயியும் கட்டட வேலைக்காரரும் இன்னும் 8 அடிதான் கேட்கிறார்கள். அங்கே ஒரு வகை மாட்டு டிரெய்லர் இருக்கிறது. அதன் கொக்கி பாடிக்கு உள்ளேயே, பின் அச்சுக்கு மேலே மாட்டப்படுகிறது. பாடி குட்டையாக இருந்தால், திருப்பத்தில் டிரெய்லரின் மூக்கு கேபினை இடித்துவிடும் அபாயம் உண்டு. நீளப் பாடியில் அந்தத் தொல்லை குறைவு. நீளம் அவர்களுக்கு ஆடம்பரம் அல்ல, தேவை.

முன்பாரம், பின்பாரம்

இப்போது நம் பக்கம் வருவோம். மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இந்த விஷயத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பாரமாக ஏற்றினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரமாக ஏற்றினால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். கொஞ்சம் முன்பாரமாக நிதானித்து ஏற்றுவதில்தான் வண்டிக்காரர் சாமர்த்தியம்.

பிக்கப் வண்டியிலும் அதே கணக்குத்தான். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 10 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 கிலோ சரக்கின் நடு மையம் பின் அச்சுக்கு 1 அடி முன்னால் விழுந்தால், 450 கிலோ பின் அச்சிலும் 50 கிலோ முன் அச்சிலும் இறங்கும். வண்டி சமமாகப் போகும். அதே 500 கிலோவின் மையம் பின் அச்சுக்கு 2 அடி பின்னால் போய்விட்டால்? பின் அச்சில் 600 கிலோ ஏறும். முன் அச்சிலிருந்து 100 கிலோ தூக்கிவிடும். முன் சக்கரம் லேசானால் ஸ்டியரிங் பிடி கொடுக்காது, பிரேக்கும் முன்பக்கம் சரியாகப் பிடிக்காது. ஏற்றப் பாதையில் இது இன்னும் மோசம்.

குட்டைப் பாடியில் நீளமான பொருளை ஏற்றிப் பின்கதவுக்கு வெளியே தொங்கவிட்டால் இந்தப் பின்பாரம்தான் வந்து சேரும். நீளப் பாடியிலும் ஆபத்து உண்டு. பின் அச்சைத் தாண்டி வெகு தூரம் நீண்டிருக்கும் பாடியில் மூட்டைகளைக் கடைசியிலேயே அடுக்கினால் அதுவும் பின்பாரம்தான். ஆகவே பாடியின் நீளத்தை மட்டும் பார்க்காதீர்கள். அதில் எவ்வளவு பின் அச்சுக்கு முன்னால், எவ்வளவு பின்னால் என்று பாருங்கள்.

அடுத்தது எடை. 8 அடி நீளம், 5 அடி அகலம், 1½ அடி உயரம் உள்ள பாடியில் 60 கன அடி இடம் இருக்கிறது. அதில் வைக்கோலை உதிரியாகப் போட்டால் வண்டிக்குப் பாரமே தெரியாது. நெல்லைக் கொட்டி நிரப்பினால் சுமார் 1 டன். மணலை நிரப்பினால் 2½ டன்னைத் தாண்டிவிடும்! இடம் ஒன்றுதான். பாரம் மூன்று விதம். பாடியில் இடம் இருக்கிறது என்பது ஏற்றலாம் என்பதற்கு அனுமதி ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாடி நீண்டால் வண்டியின் சொந்த எடையும் கூடும். ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை, வெற்று வண்டி எடை என்று இரண்டும் போட்டிருக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். இதில் ஆட்களின் எடையும் சேரும். இரண்டு வண்டிக்கும் மொத்த எடை ஒன்றாகவே இருந்தால், நீளப் பாடி வண்டியில் சரக்கு சற்றுக் குறைவாகத்தான் ஏற்ற முடியும்.

நமக்கு எது?

நம் நாட்டில் 2005-ல் டாடா ஏஸ் வந்தது. நம் ஜனங்கள் அதற்குக் குட்டி யானை என்று செல்லப் பெயர் வைத்தார்கள். சுமார் 7 அடிப் பாடி, சந்து பொந்தெல்லாம் திரும்பும் உடம்பு. 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. இப்போது பிக்கப் வண்டிகளில் 8 அடி, 9 அடி, 10 அடி என்று கேட்டு வாங்க முடிகிறது. 1950-களில் அமெரிக்க விவசாயி நின்ற இடத்தில் இன்றைக்கு நீங்கள் நிற்கிறீர்கள்.

ஆகவே வாங்குவதற்கு முன் ஒரு காகிதத்தில், ஒரு வருஷத்தில் நீங்கள் ஏற்றப்போகும் சரக்குகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எடை, நீளம், வருஷத்தில் எத்தனை நாள் என்று மூன்றையும் குறியுங்கள்.

தக்காளிக் கூடை, பூ மூட்டை, கோழிக் கூண்டு, வைக்கோல் போன்றவை இடத்தை அடைக்கும், பாரம் குறைவு. இவைதான் உங்கள் அன்றாட சரக்கு என்றால் நீளப் பாடி லாபம். ஒரே நடையில் முடிவதை இரண்டு நடையாக ஓட்டி டீசலைக் கரைக்க வேண்டாம். உரம், சிமெண்ட், மணல், தேங்காய் போன்றவை கனமானவை. பாடி பாதி நிரம்பும்போதே எடை நிரம்பிவிடும். இவற்றுக்கு நீளம் தேவையில்லை. வலுவான அச்சும் பட்டையும்தான் தேவை.

20 அடிக் குழாயோ, மூங்கிலோ வருஷத்தில் இரண்டு நாள்தான் ஏற்றுவீர்கள் என்றால் அதற்காக நீள வண்டி வாங்காதீர்கள். எந்தப் பிக்கப்பிலும் அது முழுதாக உள்ளே அடங்காது. அன்றைக்கு வாடகைக்குப் பெரிய வண்டி பிடிப்பதே மலிவு. வெளியே நீட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பாடியைத் தாண்டிச் சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் 20 ஆயிரம் ரூபாய் அபராதம். அதிக பாரத்துக்கும் அதே 20 ஆயிரம், மேற்கொண்டு கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2 ஆயிரம். ஒரு போக லாபம் ஒரு நாளில் போய்விடும். குட்டையை வாங்கிவிட்டுப் பிறகு பட்டறையில் நீட்டிக்கொள்ளலாம் என்பதும் ஆகாது. பதிவில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவது சட்டப்படி செல்லாது.

கடைசியாக, பாதை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி கூடினால் வண்டி திரும்ப அதிக இடம் கேட்கும். வாய்க்கால் மேட்டில் ஏறி இறங்கும்போது நடு வயிறு தட்டும். ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு போய்க் கடையில் உள்ள வண்டியின் முழு நீளத்தை அளந்து முடிச்சுப் போடுங்கள். அதே கயிற்றை உங்கள் களத்து வாசலிலும் தோட்டத்துத் திருப்பத்திலும் போட்டுப் பாருங்கள். எந்த விற்பனையாளரும் சொல்லாததை அந்தக் கயிறு சொல்லிவிடும்.

1925-ல் விவசாயியின் சரக்கைப் பார்த்துத்தான் கம்பெனி பாடியை அளந்தது. இன்றைக்குக் கம்பெனி அளந்து வைத்த பாடிகளில் ஒன்றை நாம் பொறுக்கி எடுக்கிறோம். பொறுக்கும்போது அளவுகோல் நம் சரக்காகவே இருக்கட்டும். முதலில் எடையைக் கேளுங்கள், பிறகு அச்சைப் பாருங்கள், கடைசியில் நீளத்துக்கு வாருங்கள்.